லாங்போர்டு கியர் சோதனை: பெங்களூரு இறக்கங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனசங்கரி 6ஆம் ஸ்டேஜ் பக்கம் ஞாயிறு விடியற்காலையில் லாங்போர்டில், அதாவது நீளமான ஸ்கேட்போர்டில், இறக்கம் ஓட்டும் எங்கள் கூட்டத்தில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள். அல்சூர், ஈஜிபுரா, லிங்கராஜபுரம் ஆட்கள். ஓசூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்களும் உண்டு. யாராவது புதுச் சக்கரமோ ட்ரக்கோ (சக்கரங்களைப் பலகையோடு சேர்த்து, சாய்ந்தால் திரும்புகிற உலோகப் பாகம்) வாங்கினால் அது ஒரு சுற்று எங்கள் கைக்கு வரும், ஓட்டிப் பார்த்துச் சொல்வோம். வருகிற கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டுப் பதிலை எழுதியிருக்கிறேன்.

டவுன்ஹில், ஃப்ரீரைடு ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா?

இல்லை. டவுன்ஹில் என்றால் அடிவாரத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேருவது. சக்கரம் தாரைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க மட்டும் கொஞ்சம் வழுக்கினால் போதும். ஃப்ரீரைடில் வழுக்குவதே விளையாட்டு. அதனால் டவுன்ஹில் சக்கரம் அகலமாக, ஓரம் கூராக இருக்கும். ஃப்ரீரைடு சக்கரத்துக்கு ஓரம் உருண்டிருக்கும், தரையில் படும் பரப்பு குறைவு, பல கம்பெனிகள் மேல்தோலை உரசி எடுத்துவிட்டே விற்கின்றன.

பெங்களூருக்குள் நாம் செய்வது ஏறக்குறைய எல்லாமே ஃப்ரீரைடுதான். ஊர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, ஆனால் பீடபூமி. நீளமாக ஒரு இறக்கம் வேண்டுமென்றால் நகரத்தை விட்டு வெளியே போயாக வேண்டும்.

சோதனைன்னு சொல்றீங்களே, நிஜமா என்ன பண்றீங்க?

முதலில் இடம். முடிவில் சமமாகவோ லேசான ஏற்றமாகவோ முடிகிற இறக்கம்தான் வேண்டும். எதுவும் பிடிக்காமல் போனாலும் போர்டு தானாக நிற்க வேண்டும். உயரம் அதிகம் தேவையில்லை. காற்று, உருளும் தடை இரண்டையும் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் 10 மீட்டர் இறங்கும்போது மணிக்கு 50 கி.மீ. வந்துவிடும், அது சுமார் மூன்று மாடி உயரம். 5 மீட்டருக்கு 35 கி.மீ. நிஜத்தில் இதைவிடக் குறையும், ஆனாலும் ஒரு சக்கரத்தின் குணம் தெரிய அதுவே தாராளம்.

சாலையில் சாக்பீஸால் ஒரு கோடு. எல்லா ஓட்டத்திலும் ஒரே இடத்திலிருந்து, தள்ளாமல் புறப்பட வேண்டும். கோட்டைத் தொட்டதும் ஸ்லைடு, அதாவது போர்டைக் குறுக்கே திருப்பி வழுக்கி நிறுத்துவது. போர்டு எங்கே நின்றதோ அங்கே இன்னொரு கோடு, நடுவில் டேப் பிடித்து அளப்போம். போனில் ஜி.பி.எஸ். வேகம் பார்ப்பதெல்லாம் கோட்டுக்கு வரும்வரை சரி. வழுக்கும் நேரமே ஒன்றிரண்டு விநாடி, போன் பொதுவாக விநாடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கும். அதை வைத்து ஸ்லைடை அளந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதில் முக்கியமானது வரிசை. முதலில் எல்லாருக்கும் பழகிய பழைய சக்கரம், அடுத்து புதியது, திரும்பவும் பழையது. காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் தார் சூடேறுகிறது, ஓட்டுகிறவன் உடம்பும் சூடேறுகிறது, பயமும் தெளிகிறது. முதல் ஓட்டத்துக்கும் கடைசி ஓட்டத்துக்கும் பழைய சக்கரமே வேறு வேறு தூரம் காட்டினால் நடுவில் புதுச் சக்கரம் காட்டிய தூரத்துக்கு மதிப்பில்லை, அன்றைய அளவைக் கிழித்துப் போட வேண்டியதுதான். சலிப்பான வேலை. முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் டீக்கடைப் பக்கம் நழுவுவார்கள்.

தூரம் போக மூன்று விஷயம் குறிப்போம்: எப்போது பிடியை விடுகிறது, விட்ட பிறகு சீராகப் போகிறதா தடதடக்கிறதா, திரும்ப எப்படிப் பிடிக்கிறது. மூன்றாவதுதான் எலும்பு முறிகிற இடம். குறுக்காக வழுக்கிக்கொண்டிருக்கும் போர்டு திடீரென்று பிடித்தால் போர்டு நின்றுவிடும், நீங்கள் மட்டும் போகிற திசையில் பறப்பீர்கள். சீக்கிரம் நிறுத்தினாலும் சொல்லாமல் கொள்ளாமல் பிடிக்கிற சக்கரத்தை நாங்கள் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. இரண்டு மீட்டர் கூட ஓடினாலும் படிப்படியாகப் பிடிக்கிற சக்கரம் மேல்.

சக்கரம், புஷ்ஷிங் ரெண்டையும் ஒரே நாள்ல மாத்திப் பாத்தா நேரம் மிச்சம்தானே?

புஷ்ஷிங் என்பது ட்ரக்குக்குள் இருக்கிற ரப்பர் போன்ற வளையம், ட்ரக் எவ்வளவு சுலபமாகத் திரும்பும் என்பது அதைப் பொறுத்தது. நேரம் மிச்சம்தான். எது மாறியதால் எது மாறியது என்று மட்டும் தெரியாது.

78ஏ, 80ஏ, 86ஏ என்று போட்டிருக்கிறதே, எதை வாங்கலாம்?

அது ஷோர் ஏ என்ற அளவில் யூரித்தேனின் (சக்கரம் வார்க்கிற, ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கின்) கடினம். எண் ஏற ஏறக் கடினம். பொதுவாக மிருதுவான சக்கரம் பிடிக்கும், கடினமானது வழுக்கும். சில கம்பெனிகள் நிறத்திலேயே சொல்லிவிடும்: ஆரங்குட்டாங் சக்கரத்தில் ஆரஞ்சு 80ஏ, ஊதா 83ஏ, மஞ்சள் 86ஏ.

ஆனால் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பவல் பெரால்டாவின் ஸ்னேக்ஸ் 75ஏதான், பழைய கணக்குப்படி தாரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சக்கரம். ஓட்டினால் சுகமாக வழுக்கும். யூரித்தேனை எந்தக் கலவையில் வார்த்திருக்கிறார்கள் என்பது எண்ணில் வராது. 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி கேடிலாக் வீல்ஸ் என்று யூரித்தேன் சக்கரத்தை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவரும் வரை களிமண் கலவைச் சக்கரத்தில்தான் ஓட்டினார்கள், சின்னக் கல் பட்டாலே ஆள் கீழே. அன்றிலிருந்து கம்பெனிகளுக்குள் நடக்கிற போட்டி பெரும்பாலும் இந்தக் கலவையில்தான்.

தட்பவெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். ஜனவரியில் 15 டிகிரி காலையில் யூரித்தேன் இறுகியிருக்கும், ஏப்ரல் நண்பகலில் இளகும். அதே சக்கரம் இரண்டு மாதிரி நடந்துகொள்ளும். ‘குளிரில் ஓட்டியது’, ‘வெயிலில் ஓட்டியது’ என்று குறித்து வைக்காத குறிப்பு எனக்கு வேண்டாம்.

புதுச் சக்கரம் ஸ்லைடே ஆகலை. டூப்ளிகேட்டா?

அவசரப்படாதீர்கள். வார்ப்பிலிருந்து வரும் மேல்தோல் பளபளப்பாக இருக்கும், அது ஒழுங்காக வழுக்காது. மெதுவான வேகத்தில் இரண்டு பக்கமும் மாறி மாறி வழுக்கினால் தோல் தேய்ந்து பரப்பு மங்கலாகும். அதற்கு முன் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தோல் போன பிறகும் விறைப்பாக நின்றால் மேலே பேசலாம்.

சக்கரம் டக்-டக்னு சத்தம் போடுது.

தட்டை விழுந்திருக்கிறது. முழு 90 டிகிரிக்குப் போர்டைத் திருப்பிப் பிடித்தால் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும், அப்போது ஒரே இடம் தேயும். சமதளத்தில் மெல்ல உருட்டினால் காலடியில் ஒரு தட்டு தெரியும். வேகம் கூடக் கூட அது இரைச்சலாகிவிடும். லேசான தட்டை என்றால் 45 டிகிரிப் பக்கம் வைத்துச் சின்னச் சின்ன ஸ்லைடு போட்டால் பல சமயம் சமமாகிவிடும். ஆழமாக விழுந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

உள்ஓரம் மட்டும் கூம்பு மாதிரி தேய்ந்தால் அது வேறு விஷயம். கோர் (பேரிங் உட்காரும் உள்வளையம்) நடுவில் இருக்கிற சக்கரமாக இருந்தால் திருப்பிப் போடலாம். இல்லையென்றால் முன் பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைப் பங்கு போட வேண்டும்.

ஏபெக் 9 பேரிங் போட்டா வேகம் கூடுமா?

கூடாது. லாங்போர்டில் போடுவது 608 பேரிங்: உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. ஏபெக் என்பது அதை எவ்வளவு துல்லியமான அளவில் செய்திருக்கிறார்கள் என்பதற்கான தரம், வேகத்துக்கான மதிப்பெண் அல்ல. 70 மி.மீ. சக்கரத்தில் மணிக்கு 60 கி.மீ. போனால் நிமிடத்துக்குச் சுமார் 4,500 சுற்று வரும். நல்ல 608 பேரிங் அதைப் போலப் பல மடங்கு தாங்கும்.

கடையில் விரலால் சுழற்றி, ‘பாருங்க சார், நிக்கவே இல்ல’ என்று காட்டுவது வெறும் வித்தை. மேலே 65 கிலோ ஏறாத பேரிங் எப்படிச் சுற்றினால் என்ன? கிரீஸ் போட்ட நல்ல பேரிங் விரலில் சீக்கிரம் நிற்கும், இறக்கத்தில் நன்றாகவே ஓடும். இரண்டு பேரிங்குக்கு நடுவில் ஸ்பேசர் என்ற சின்னக் குழாய் இருக்கிறதா, நட்டை இறுக்கிய பிறகு சக்கரம் பக்கவாட்டில் ஆடாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஸ்லைடில் பக்கவாட்டு அடியை வாங்குவது அந்த இடம்தான். எஸ்.பி. ரோட்டில் தொழிற்சாலைகளுக்கு விற்கிற சாதாரண 608 வாங்கி, ஸ்பேசர் மட்டும் தனியாகப் போட்டு ஓட்டுகிறவர்கள் எங்களில் உண்டு. ஒரு குறையும் இல்லை.

40க்கு மேல போனா போர்டு வெடவெடன்னு ஆடுது. ட்ரக்கை இறுக்கிட்டா சரியாகுமா?

அதிகம் வருகிற கேள்வி இது. தப்பான பதிலும் அதிகம் சொல்லப்படுகிறது.

தள்ளுவண்டியின் முன்சக்கரம் வேகத்தில் துடிக்குமே, அந்த ஆட்டம்தான் இது. லாங்போர்டில் முன் ட்ரக், பின் ட்ரக் இரண்டுமே திரும்பும். பயத்தில் எடையைப் பின்காலுக்குத் தள்ளினால் பின் ட்ரக் திசைமாற்ற ஆரம்பிக்கும். அதைச் சரிசெய்ய உடம்பு இன்னொரு பக்கம் சாயும். சாய்வதற்குள் போர்டு மறுபக்கம் போயிருக்கும்.

காசு செலவில்லாததில் தொடங்குங்கள். முன்காலில் எடையைப் போடுங்கள், முட்டியைத் தளர்த்துங்கள். அடுத்தது ட்ரக்கில் தேவையில்லாத ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்: ஹேங்கரை (ட்ரக்கில் சக்கர அச்சைத் தாங்கும் பாகம்) கையால் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கும்போது பிவட் கப்பில் (ஹேங்கர் முனை உட்காரும் சின்னக் கிண்ணம்) கடகடப்பு தெரிந்தால் கப் தேய்ந்துவிட்டது. அதையும் பார்த்துவிட்டுப் பின் ட்ரக்கில் மட்டும் முன்னைவிட ஒரு படி கடினமான புஷ்ஷிங் போட்டுப் பாருங்கள். டவுன்ஹில் ஆட்கள் பின்னால் பேஸ்பிளேட் (ட்ரக்கைப் பலகையில் பூட்டும் அடித்தட்டு) கோணத்தையே குறைத்துவிடுவார்கள்: முன்னால் 50 டிகிரி, பின்னால் 20, 30 என்று. அப்போது திசைமாற்றுவது முன் ட்ரக் மட்டுமாகிவிடும்.

கிங்பின் (ட்ரக்கின் நடு போல்ட்) நட்டை இறுக்குவது மருந்தில்லை. புஷ்ஷிங் நசுங்கி இடுப்பு பிதுங்கும், சில வாரத்தில் விண்டுபோகும். அதற்குள் ட்ரக் வளைந்து திரும்பவே மறுக்கும். மேலே இருக்கிற வாஷரை விரலால் சுற்ற முடிந்தும் முடியாமலும் இருக்கிற இறுக்கம் போதும். அந்த நிலையில் தளர்வாகத் தோன்றினால் மாற்ற வேண்டியது புஷ்ஷிங்கை. 60–70 கிலோ ஆள் 87ஏ முதல் 90ஏ வரையில் தொடங்கி, ஓட்டிப் பார்த்து ஏற்றலாம், இறக்கலாம். கூம்பு வடிவம் சுலபமாகத் திரும்பும், பீப்பாய் வடிவம் நிதானமானது. வேகத்துக்கு இரண்டு பக்கமும் பீப்பாய்.

சக்கரம் டெக்கில் உரசுமான்னு ஓட்டாமலே பாக்க முடியுமா?

முடியும், ஓட்டாமல்தான் பார்க்க வேண்டும். டெக் என்பது நாம் ஏறி நிற்கிற பலகை. நான்கு சக்கரத்தின் மேலும் சாக்பீஸை நன்றாகத் தேயுங்கள். வீட்டுக்குள் போர்டில் ஏறி நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் முழு எடையோடு சாயுங்கள், அப்புறம் மறுபக்கம். இறங்கிப் போர்டைத் திருப்பினால் டெக்கின் அடியில் வெள்ளைக் கீற்று இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இருந்தால் ட்ரக்குக்கும் டெக்குக்கும் நடுவில் ரைஸர் என்ற உயர்த்தும் தட்டு வையுங்கள், அல்லது சின்னச் சக்கரம் போடுங்கள். இறக்கத்தில் சக்கரம் டெக்கில் கடித்தால் போர்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஆன்லைனில் மூவாயிரத்துக்கு லாங்போர்டு வருதே, இறக்கத்துக்கு எடுக்கலாமா?

சமதளத்தில் கல்லூரிக்குப் போக, வர எடுங்கள். இறக்கத்துக்கு வேண்டாம். இப்படி வந்த போர்டில் நாங்கள் முதலில் பார்ப்பது ஆக்ஸில். ட்ரக்கைக் கழற்றி ஆக்ஸில் முனைகளைச் சமையலறைக் கிரானைட் மேடையில் உருட்டினால் வளைவு இருந்தால் துள்ளும். பிறகு டெக்கை நாணயத்தால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே போவோம். உள்ளே வெற்றிடம் இருக்கிற மாதிரிச் சத்தம் கேட்கிற இடத்தில் பலகை அடுக்கு பிரிந்திருக்கும். சக்கரத்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கல்தரையில் போட்டால் நல்ல யூரித்தேன் நன்றாக எகிறும், மட்டமான பிளாஸ்டிக் ‘டொக்’ என்று விழுந்து படுத்துவிடும். பக்கத்தில் நல்ல சக்கரம் ஒன்றைப் போட்டு ஒப்பிட்டால்தான் இது தெரியும்.

ஸ்லைடு கிளவுஸ் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்கணுமா?

தேவையே இல்லை. கையை ஊன்றி வழுக்கும் முறையை 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி மலைச் சாலைகளில் வளர்த்தெடுத்தவர் கிளிஃப் கோல்மன். இன்றைக்கும் அது கோல்மன் ஸ்லைடுதான், இறக்கத்தில் நிற்க முதலில் கற்க வேண்டியது அதுதான். கையில் வேண்டியது தடித்த தோல் கையுறை, உள்ளங்கையில் ஒரு பிளாஸ்டிக் வில்லை.

காய் நறுக்குகிற வெள்ளைப் பலகை, 12 மி.மீ. தடிமன் உள்ளதாக, பாத்திரக் கடையில் வாங்குங்கள். வட்டமாக அறுத்து ஓரத்தை அரத்தால் உருட்டிவிடுங்கள். ஓரம் கூராக இருந்தால் சாலை வெடிப்பில் மாட்டும். ஒட்டுவதற்குத் தையல்காரரிடம் கையுறையில் வெல்க்ரோ தைத்து வாங்குவது நல்லது. பசை சூட்டில் இளகும். நீளமாக ஒரு ஸ்லைடு போட்டுவிட்டு வில்லையைத் தொட்டால் சூடு தெரியும். டெல்ரின் என்ற கடினப் பிளாஸ்டிக் வில்லை இன்னும் அதிக நாள் உழைக்கும், விலையும் அதற்கேற்றபடி.

தம்பி, என் பையன் பைக் ஹெல்மெட்டே போதுங்கறான். சரியா?

அம்மா, முகத்தை மூடுகிற, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் என்றால் தலைக்கு நல்ல பாதுகாப்பு. போலீஸுக்காகப் போடுகிற அரை ஹெல்மெட் என்றால் அதைப் பிடுங்கி வையுங்கள். இதில் விழும்போது தாடையும் தரையில் படும்.

பைக் ஹெல்மெட்டில் குறை என்னவென்றால் எடை. குனிந்து ஓட்டும்போது நெற்றிப்பட்டை கண்ணை மறைக்கும், பின்னால் வருகிற வண்டிச் சத்தமும் சரியாகக் கேட்காது. டவுன்ஹில்லுக்கென்று செய்த முழு ஹெல்மெட்டில் கண்ணாடி பெரிதாக இருப்பது அதனால்தான். பையன் இப்போதுதான் மெதுவாகப் பழகுகிறான் என்றால் இ.என். 1078 அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப் 1492 என்று உள்ளே ஒட்டியிருக்கிற ஸ்கேட் ஹெல்மெட் போதும், முழங்கால் கவசத்தோடு. கடையிலேயே வாரைப் போட்டுவிட்டுப் பின்பக்கத்திலிருந்து ஹெல்மெட்டை மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று முன்னால் வந்தால் அளவு சரியில்லை. உள்ளே தெர்மாக்கோல் மாதிரி இருக்கிற வகை ஒருமுறை பலமாக அடி வாங்கினால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். சோதிக்கிறேன் என்று கீழே போட்டுப் பார்க்க விடாதீர்கள்.

பெங்களூர்ல எந்த ரோடு நல்லா இருக்கும்?

தெருப் பெயர் எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வாரமே கூட்டம் சேரும், அதற்கடுத்த வாரம் குடியிருப்போர் சங்கத்துப் பெரியவர் கையில் தடியோடு நிற்பார். பொதுவாகச் சொன்னால், மனை பிரித்து ரோடு போட்டு இன்னும் வீடு வராத லேஅவுட்டுகள்தான் நமக்கு. பனசங்கரி 6ஆம் ஸ்டேஜ் பக்கம் நிலமே மேடு பள்ளம் என்பதால் இறக்கத்துக்குக் குறைவில்லை. வண்டி ஓடுகிற சாலையில் சோதனை செய்யக் கூடாது, கீழேயும் மேலேயும் ஆள் நிற்காமல் ஓட்டவும் கூடாது.

ஒயிட் டாப்பிங் கான்கிரீட் ரோடு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பிடிப்புக்காகக் குறுக்கே கீறியிருப்பார்கள். ஸ்லைடு தடதடக்கும், சக்கரத்தை அரம் போலத் தின்னும். நல்ல தார்தான் தேவை. வர்ணம் அடிக்காத ஹம்ப், குழாய்க்குத் தோண்டி மண் மூடிய பட்டை, யூகலிப்டஸ் இலை எல்லாவற்றையும் முதலில் நடந்தே பாருங்கள். எங்கள் பையில் எப்போதும் ஒரு துடைப்பம் இருக்கும். ஸ்லைடு போடுகிற இடத்து மணலைப் பெருக்காமல் அளந்தால் மணலைத்தான் அளக்கிறீர்கள்.

நகரத்தைத் தாண்டி கனகபுரா பக்கம் உள்சாலைகளுக்குப் போனால் இன்னொன்று. அறுவடை முடிந்ததும் டிசம்பர், ஜனவரியில் கேழ்வரகுத் தாளையும் கொள்ளுச் செடியையும் சாலையிலேயே பரப்பியிருப்பார்கள், வண்டி ஏறி ஏறி மணி உதிரட்டும் என்று. வளைவு திரும்பியதும் திடீரென்று எதிர்ப்படும். அதன் மேல் எந்தச் சக்கரமும் பிடிக்காது. அது அவர்கள் வருஷச் சாப்பாடு, அன்றைக்கு வேறு சாலை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போ நந்தி மலை? ஏலகிரி?

நந்தி மலையில் விடுமுறை விடியலில் சூரிய உதயம் பார்க்க வருகிற வண்டிகளும் சைக்கிள்காரர்களும் வளைவுக்கு வளைவு நிற்பார்கள். ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவு. கவிஞர்கள் பெயரும் கடையேழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பாரி வளைவில் எதிரே பஸ் வந்தால் வழிவிட எந்த வள்ளலும் வர மாட்டார். சாலையை முறையாக அடைத்து, அனுமதியோடு நடக்கிற நிகழ்ச்சி என்றால் போங்கள். அங்கேயும் லேஅவுட் இறக்கத்தில் பழகிய கியரோடு மட்டும் போங்கள். முதல்முறை போடுகிற சக்கரத்துக்கு மலைச்சாலை இடமில்லை.

மழையில?

ஈரத்தில் சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும், அளவு எதுவும் உதவாது. ஜீப்ரா கோட்டு வர்ணம் இன்னும் மோசம். நனைந்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் பேரிங்கைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே கரகரக்கும்.

உலகத்துலயே அதிக வேகம் எவ்வளவு?

2017இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பீட் கானலி நின்றபடி ஓட்டி மணிக்கு 146.73 கி.மீ. எட்டினார். தோல் சூட், முழு ஹெல்மெட், ஆளில்லாத சாலை. அவர் போட்டிருந்த சக்கரம் எது என்று தேடிப் பிடித்து வாங்குவதால் நம்ம இறக்கத்தில் ஒன்றும் நடக்காது.

தேஞ்சுபோன சக்கரத்தை என்ன செய்றது?

தூக்கிப் போடாதீர்கள், எங்களிடம் கொடுங்கள். 70 மி.மீ. சக்கரம் தேய்ந்து 62, 63 ஆனால் ஓரம் உருண்டு, பிடி குறைந்து, ஸ்லைடு பழகுகிறவருக்குப் புதுச் சக்கரத்தைவிட வசதியாக இருக்கும். எங்கள் பெட்டியில் அப்படி நாலைந்து செட் கிடக்கிறது. புதிதாக வருகிறவர் முதல் மாதம் அதில்தான் ஓட்டுவார். கோர் வெளியே தெரிய ஆரம்பித்ததும் அந்தச் செட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவோம்.